353ஆம் விதியில் விடுபட்ட ஆள்

மக்களவை விவாதங்களின் எழுத்துப் பதிவை எடுத்துப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. தொலைக்காட்சியில் கூச்சலும் மேசைத் தட்டலுமாகத் தெரிகிற அவை, எழுத்தில் வேறு மாதிரி இருக்கும். ஒருவர் வைத்த வாதம் என்ன, எதிர்த்தரப்பு அதை எங்கே பிடித்தது, அமைச்சர் எந்தக் கேள்வியைத் தொடாமல் தாண்டிப் போனார் என்பதெல்லாம் நிதானமாகப் புலப்படும். அப்படிப் படித்துக்கொண்டு போகையில் வரிகளுக்கு நடுவே உடுக்குறிகள் (***) வரும். பக்கத்தின் அடியில், அவைத்தலைவரின் ஆணைப்படி நீக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். பல நேரங்களில் அந்த இடத்தில் ஓர் உறுப்பினர் இன்னோர் உறுப்பினரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியிருப்பார். அடுத்த வரியில் குறுக்கீடு, சில வரிகள் கழித்து ஒத்திவைப்பு. குற்றம் சாட்டப்பட்டவர் என்ன பதில் சொன்னார் என்று மேலும் பல பக்கம் புரட்டினாலும் கிடைப்பதில்லை.

சொன்ன குற்றச்சாட்டும் இல்லை, அதற்கான பதிலும் இல்லை. எனக்கு இது ஒவ்வொரு முறையும் வருத்தம் தருகிறது. ஏனென்றால் நம் நாடாளுமன்றம் தொடக்கத்தில் இப்படி இல்லை.

முதலில், இந்த விதிகள் ஏன் வந்தன என்பதைப் பார்த்துவிடலாம். அரசியல் சட்டத்தின் 105(2) பிரிவின்படி, நாடாளுமன்றத்தில் பேசிய பேச்சுக்காகவோ அளித்த வாக்குக்காகவோ எந்த உறுப்பினர் மீதும் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது. சட்டமன்றங்களுக்கு இதே பாதுகாப்பை 194ஆம் பிரிவு தருகிறது. 1689ஆம் ஆண்டு இங்கிலாந்தின் உரிமைச் சட்டத்தில் வேர்விட்ட பாதுகாப்பு இது. 1970இல் தேஜ் கிரண் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அவை நடவடிக்கையின்போது சொல்லப்பட்ட எதுவும் இந்தப் பாதுகாப்புக்குள் வரும் என்று கூறிவிட்டது. 2024 மார்ச்சில் சீதா சோரன் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, லஞ்சம் வாங்கிக்கொண்டு பேசினாலோ வாக்களித்தாலோ அந்த லஞ்சத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று தீர்ப்பளித்து 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் பேச்சுக்குள்ள பாதுகாப்பு அப்படியே இருக்கிறது.

அதாவது, தெருவில் சொன்னால் அவதூறு வழக்கு வரக்கூடிய ஒரு வாக்கியத்தை அவைக்குள் சொன்னால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இந்தப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆட்சியில் இருப்பவர்களையும் பெரும் பணம் படைத்தவர்களையும் கேள்வி கேட்க ஓர் இடமாவது பயமில்லாமல் இருக்க வேண்டும். ஆனால் நீதிமன்றம் உள்ளே வர முடியாத இடத்தில் அந்த வேலையை அவையே செய்தாக வேண்டும். அதற்காக எழுதப்பட்டவைதான் நடத்தை விதிகள்.

மக்களவையின் 352ஆம் விதி, விவாதத்துக்கு மிக அவசியமாக இருந்தாலொழிய, சக உறுப்பினருக்கு உள்நோக்கம் கற்பித்தோ அவருடைய நேர்மையைக் கேள்விக்கு உட்படுத்தியோ பேசக் கூடாது என்கிறது. 353ஆம் விதி இன்னும் குறிப்பானது. அவதூறான அல்லது குற்றம் சுமத்தும் தன்மையுள்ள குற்றச்சாட்டை யார் மீது வைப்பதானாலும் அவைத்தலைவருக்கும் சம்பந்தப்பட்ட அமைச்சருக்கும் போதிய முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். அமைச்சர் விசாரித்துப் பதில் சொல்ல அவகாசம் வேண்டும் என்பதே இதன் நோக்கம். அவையின் மாண்புக்குக் குறைவு என்றோ பொதுநலன் எதுவும் இல்லை என்றோ தோன்றினால் அவைத்தலைவர் அந்தக் குற்றச்சாட்டைத் தடுக்கலாம். இதோடு ஒரு மரபும் உண்டு. குற்றம் சாட்டுகிறவர் முதலில் தானே விசாரித்து, அடிப்படை இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்குப் பொறுப்பேற்கத் தயாராக இருக்க வேண்டும். பத்திரிகையில் வந்தது என்பது மட்டும் போதாது.

இந்த விதிகளை வெறும் வாய்ப்பூட்டு என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. இவை கேட்பது மூன்றுதான்: ஆதாரம், பொறுப்பு, முன்கூட்டிய தகவல். நியாயமாகக் குற்றம் சாட்ட நினைக்கும் எவருக்கும் இது பாரமாக இருக்காது.

இனி ஒரு மனிதரின் கதை. இந்த விதிகளின் உயிர் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டியது அதுதான்.

1951இல் தற்காலிக நாடாளுமன்றத்தில் ஹெச்.ஜி. முத்கல் என்ற காங்கிரஸ் உறுப்பினர் மீது ஒரு குற்றச்சாட்டு வந்தது. பம்பாய் தங்கம் வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் பெற்றுக்கொண்டு, அவர்களுக்காக அவையில் கேள்வி கேட்டார், மசோதாவில் திருத்தம் கொண்டுவந்தார் என்பது புகார். சொந்தக் கட்சிக்காரர்தானே என்று பிரதமர் நேரு மூடி மறைக்கவில்லை. விசாரிக்க ஒரு குழு அமைக்கும் தீர்மானத்தை அவரே கொண்டுவந்தார். குழுவின் தலைவராக அமர்ந்தவர் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி. கே.டி. ஷாவும் துர்காபாயும் அதில் இருந்தார்கள். முத்கல் வழக்கறிஞர் துணையோடு தன் தரப்பை எடுத்துவைத்தார். குழு அவர் தவறு செய்தார் என்று முடிவு செய்தது. செப்டம்பரில் அவரை வெளியேற்றும் தீர்மானம் வந்தபோது, விவாதத்தில் அவரும் பேச முடிந்தது. பேசிவிட்டுப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். தீர்மானத்தின் விளைவிலிருந்து தப்பிக்க விலகுவதை அவை கண்டித்துப் பதிவு செய்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து அதே டி.டி.கே. நிதியமைச்சராக இருந்தார். புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த எல்ஐசி, ஹரிதாஸ் முந்த்ரா என்ற வணிகரின் ஆறு நிறுவனங்களில் சுமார் ஒரு கோடியே இருபத்து நான்கு லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியிருந்தது. 1957 டிசம்பர் 16 அன்று ரேபரேலி உறுப்பினர் பெரோஸ் காந்தி எழுந்து அதைப் பற்றிப் பேசினார். அவர் காங்கிரஸ்காரர். பிரதமரின் மருமகன். குற்றம் சாட்டப்பட்டது தன் சொந்தக் கட்சியின் நிதியமைச்சகம். கையில் தேதிகளும் தொகைகளும் பங்கு விலைகளும் இருந்தன. அந்தப் பங்குகள் எந்த நாளில் என்ன விலை போயின, எல்ஐசி என்ன விலை கொடுத்தது என்று அடுக்கிக்கொண்டே போனார். வசைச் சொல் தேவைப்படவில்லை.

பிறகு நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பம்பாயில் மக்கள் பார்க்கத் திறந்த விசாரணையாக அது நடந்தது. சில வாரங்களில் முடிந்தும் விட்டது. அமைச்சகத்தின் செயலாளர் செய்ததற்கு அமைச்சரே அரசியல் சட்டப்படி பொறுப்பு என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். ஒரு காலத்தில் சக உறுப்பினர் மீதான குற்றச்சாட்டை நாற்காலியில் அமர்ந்து விசாரித்தவர், பின்னர் தானே குற்றம் சாட்டப்பட்டவராக நின்றார். இரண்டு முறையும் குற்றச்சாட்டு அவையின் பதிவில் இருக்கிறது. பதிலும் இருக்கிறது. இன்று ஒருவர் அதைப் படித்து, டி.டி.கே.வுக்கு அநீதி நடந்தது என்றுகூட முடிவுக்கு வரலாம். அப்படி நினைத்தவர்கள் அன்றே இருந்தார்கள். அந்த முடிவுக்கு வரவும் பதிவு வேண்டுமல்லவா?

இந்த விஷயம் என்னை ஏன் இவ்வளவு தொடுகிறது என்று சொல்ல வேண்டும். என் அப்பா எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சிறு கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். ஒரு பேரவைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் திடீரென்று எழுந்து, உரக் கொள்முதலில் அப்பா கமிஷன் அடித்தார் என்றார். அப்பாவிடம் அன்று ரசீதுகள் கையில் இல்லை. அப்படி ஒரு பேச்சு வரப்போகிறது என்றே அவருக்குத் தெரியாது. சத்தம் கூடியது, கூட்டம் முடிந்தது. மினிட் நோட்டில் "காரசார விவாதம் நடந்தது" என்று மட்டும் எழுதினார்கள். அடுத்த கூட்டத்துக்கு ரசீதுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனார். அது பொருள்பட்டியலில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குற்றம் சாட்டியவரும் கெட்டவர் இல்லை. அவருக்கு உண்மையாகவே சந்தேகம் இருந்தது. அவருடைய சந்தேகமும் தீரவில்லை, அப்பாவின் பெயரும் துலங்கவில்லை. கடைசிவரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. முன்கூட்டி ஒரு கடிதம் வந்திருந்தால் ஒரே கூட்டத்தில் முடிந்திருக்கும்.

அதனால்தான் 353ஆம் விதியைப் படிக்கும்போதெல்லாம் என் கண் ஓரிடத்தில் நிற்கிறது. முன்னறிவிப்பு யாருக்கு? அவைத்தலைவருக்கும் அமைச்சருக்கும். குற்றம் சாட்டப்படும் உறுப்பினருக்கு? விதியில் அவர் இல்லை. குற்றம் சாட்டப்படுவது அமைச்சராக இருந்தால் அவருக்கு முன்பே தெரிந்துவிடும், கோப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு வருவார். எதிர்க்கட்சி வரிசையிலோ பின்வரிசையிலோ இருக்கும் ஒருவர் மீது குற்றச்சாட்டு என்றால் அவர் அப்போதுதான் கேட்கிறார். அன்று அவர் அவையில் இல்லாமலே போகலாம்.

பிரிட்டிஷ் பொதுச்சபையில் இதற்கு ஒரு மரபு இருக்கிறது. இன்னோர் உறுப்பினரைப் பெயர் சொல்லிப் பேசப் போகிறீர்கள் என்றால் அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பொதுவெளியில் அவர் சொன்னதைப் போகிற போக்கில் குறிப்பிடுவதற்கு மட்டும் விலக்கு. தெரிவிக்காமல் பேசினால், அவர் பிறகு வந்து முறையிடுவார், அவைத்தலைவர் கண்டிப்பார். சிறிய மரியாதை போலத் தெரிகிற இந்த வழக்கம், குற்றம் சாட்டப்பட்டவரை அந்த நேரத்தில் அவையில் உட்காரவைக்கிறது.

அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. 2021 ஜூலை 22 அன்று தொழிற்கட்சி உறுப்பினர் டான் பட்லர், பிரதமர் போரிஸ் ஜான்சன் அவையிலும் நாட்டுக்கும் திரும்பத் திரும்பப் பொய் சொன்னார் என்றார். திரும்பப் பெறச் சொன்னபோது மறுத்தார். அன்று அவையை விட்டு வெளியேற்றப்பட்டார். பொய் சொன்னதாகச் சொல்லப்பட்டவர் உள்ளே, அதைச் சொன்னவர் வெளியே என்று பலர் கொதித்தார்கள். எனக்கும் அப்போது கோபம் வந்தது. ஆனால் அந்த விதியின் மறுபாதியைப் பார்க்க வேண்டும். சாதாரண விவாதத்தில் சக உறுப்பினரைப் பொய்யர் எனக் கூடாது. அதற்கென்றே ஒரு தனித் தீர்மானம் கொண்டுவந்தால், அப்போது அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசலாம். 2022 ஏப்ரல் 21 அன்று அதுதான் நடந்தது. பெருந்தொற்றுக் கால விருந்துகள் பற்றி ஜான்சன் சொன்னவை அவையைத் தவறாக வழிநடத்தினவா என்று விசாரிக்கும்படி உரிமைக் குழுவிடம் விவகாரம் ஒப்படைக்கப்பட்டது. குழுவின் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஹேரியட் ஹார்மன். பெரும்பான்மை உறுப்பினர்கள் ஜான்சனின் சொந்தக் கட்சியினர். 2023 மார்ச் 22 அன்று அவர் குழு முன் அமர்ந்து, நேரலையில், மணிக்கணக்கில் பதில் சொன்னார். ஜூன் மாதம், அவர் வேண்டுமென்றே அவையைத் தவறாக வழிநடத்தினார் என்று குழு அறிக்கை தந்தது. அதற்குள் அவர் உறுப்பினர் பதவியையே விட்டிருந்தார். 354க்கு 7 என்ற வாக்கில் அவை அறிக்கையை ஏற்றது.

ஒரு வார்த்தையைத் தடுத்த அவை, அதே பொருளை முறைப்படி விசாரிக்க வேறொரு கதவைத் திறந்து வைத்திருந்தது. கதவு திறந்திருந்தால்தான் அந்தத் தடைக்கு நியாயம் உண்டு.

பதில் சொல்ல வைப்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குச் செய்யும் சலுகை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 1963 மார்ச் 21 இரவு ஜார்ஜ் விக், பார்பரா கேஸில் போன்ற தொழிற்கட்சி உறுப்பினர்கள், போர்த்துறை அமைச்சர் ஒருவரைச் சுற்றி உலவிய வதந்திகளை அவையில் எழுப்பினார்கள். மறுநாள் காலை அந்த அமைச்சர் ஜான் புரொஃப்யூமோ எழுந்து தன்னிலை விளக்கம் அளித்தார். முறைகேடான உறவு எதுவும் இல்லை என்றார். தன்னிலை விளக்கத்தின் மீது குறுக்கீடோ விவாதமோ கிடையாது என்பது மரபு. அவை அமைதியாகக் கேட்டது. ஜூன் 5 அன்று, அவையில் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு அவர் பதவி விலகினார். அவரை வீழ்த்தியது எதிரிகளின் கூச்சல் இல்லை. அமைதியாகப் பதிவான அவருடைய சொந்தப் பதிலே வீழ்த்தியது.

தன்னிலை விளக்கத்துக்கு நமக்கும் விதி இருக்கிறது. 357ஆம் விதி. அவைத்தலைவரின் அனுமதியோடு உறுப்பினர் தன்மீதான விஷயத்தை விளக்கலாம், அதன்மேல் விவாதம் கூடாது. அனுமதி கிடைக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். 2023ஆம் ஆண்டின் இரண்டு மாதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஒரே ஆள் இரண்டு பக்கமும் நின்றார். பிப்ரவரி 7 அன்று குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் விவாதத்தில் ராகுல் காந்தி அதானி குழுமத்தையும் பிரதமரையும் தொடர்புபடுத்திப் பேசினார். முன்னறிவிப்பு இல்லை, ஆவணங்களுக்குச் சான்றளிக்கவில்லை என்று ஆளும் தரப்பு 353, 369 விதிகளைக் காட்டியது. பேச்சின் பல பகுதிகள் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன. மார்ச்சில், லண்டனில் அவர் பேசியதற்காக அமைச்சர்கள் அவையிலேயே அவரைக் குற்றம் சாட்டி, மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். 357ஆம் விதியின்கீழ் பதில் சொல்ல அனுமதி கேட்டு அவர் அவைத்தலைவருக்கு எழுதினார். இரு தரப்புக் கூச்சலிலும் அவை நாள்தோறும் முடங்கியது. மார்ச் 23 அன்று ஓர் அவதூறு வழக்கில் அவருக்கு எதிராக சூரத் நீதிமன்றத் தீர்ப்பு, மறுநாள் பதவி இழப்பு. அந்தப் பதில் சொல்லப்படவேயில்லை.

பிப்ரவரியில் அவர் முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன். ஆதாரங்களை மேசையில் வைத்து, பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டிருந்தால் அந்தக் கேள்விகளின் கனம் கூடியிருக்கும். ஆனால் பிப்ரவரியில் விதியை எடுத்துக் காட்டியவர்களுக்கு மார்ச்சில் அந்த விதியின் உயிர் நினைவுக்கு வரவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

அதே ஆண்டு டிசம்பர் 8. கிருஷ்ணாநகர் உறுப்பினர் மஹுவா மொய்த்ரா மீது, கேள்வி கேட்கப் பணமும் பரிசும் பெற்றார் என்று சக உறுப்பினர் நிஷிகாந்த் துபே கொடுத்த புகாரில் நெறிமுறைக் குழுவின் அறிக்கை நண்பகலில் தாக்கலானது. சில நூறு பக்கங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு விவாதம் தொடங்கியது. பணம் வாங்கவில்லை என்று மறுத்துவந்த அவரை அவையில் பேச அனுமதிக்கவில்லை. 2005இல் மக்களவை உறுப்பினர்கள் பத்துப் பேர் வெளியேற்றப்பட்டபோதும் பேச விடவில்லை என்ற முன்னுதாரணம் சொல்லப்பட்டது. குரல் வாக்கெடுப்பில் அன்று மாலைக்குள் வெளியேற்றம் முடிந்தது. குற்றச்சாட்டு உண்மையா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை. 2005ஆம் ஆண்டை நினைவில் வைத்திருந்த அவை, 1951ஆம் ஆண்டை ஏன் நினைக்கவில்லை? முத்கல் குற்றவாளி என்று குழு சொன்ன பிறகும் அவை அவர் பேசுவதைக் கேட்டது.

நீக்கம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 380ஆம் விதியின்படி அவதூறான, கண்ணியமற்ற சொற்களை அவைத்தலைவர் நீக்கலாம். பேச்சு பத்திரிகை வழியே மட்டும் வெளியே போன காலத்தில் நீக்கம் என்றால் நீக்கம்தான். பீகார் சட்டமன்றத்தில் நீக்கிய பகுதியை அச்சிட்ட பாட்னாவின் சர்ச்லைட் இதழ் உரிமை மீறல் நடவடிக்கையில் சிக்கி, உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. இன்று அவை நேரலையில் ஓடுகிறது. அவைத்தலைவர் உத்தரவு போடுவதற்குள் அந்த முப்பது விநாடித் துண்டு ஊர் முழுக்கப் பரவிவிடும். 2023 செப்டம்பரில் ரமேஷ் பிதூரி, சக உறுப்பினர் டேனிஷ் அலியை நோக்கி மதத்தைச் சொல்லி வீசிய வசைகள் உடனே நீக்கப்பட்டன. ஆனால் கேட்க வேண்டிய எல்லோரும் கேட்டாகிவிட்டது. அதிகாரபூர்வப் பதிவில் மட்டும் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. காயப்பட்டவருக்கு அந்த உடுக்குறிகளால் என்ன நிவாரணம்?

அவையில் பேசியதை உள்ளபடி, கெட்ட எண்ணமின்றி வெளியிடும் பத்திரிகைக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் நமக்கு 1956இல் கிடைத்தது. அதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றியவர் அதே பெரோஸ் காந்தி. தன் பேச்சு வெளியே போக வேண்டும் என்பதற்கு முன்பே, எல்லோருடைய பேச்சும் வெளியே போக வழி செய்துவைத்தார். நெருக்கடி நிலையின்போது, அவருடைய மனைவி பிரதமராக இருந்த 1976இல், அந்தச் சட்டம் ரத்தானது. 1977இல் ஜனதா அரசு மீட்டது. மறு ஆண்டு 44ஆவது திருத்தம் அதை அரசியல் சட்டத்துக்குள்ளேயே, 361ஏ பிரிவாக, கொண்டுபோய் வைத்தது.

சக உறுப்பினருக்காவது என்றோ ஒருநாள் ஒலிபெருக்கி கிடைக்கும். அவைக்கு வெளியே இருப்பவர் மீது குற்றச்சாட்டு என்றால் அவருக்கு எந்த வழியும் இல்லை. ஆஸ்திரேலிய செனட் 1988இல் இதற்கொரு வழி கண்டது. அவையில் பெயர் சொல்லித் தாக்கப்பட்ட குடிமகன் செனட் தலைவருக்கு எழுதலாம். உரிமைக் குழு, யார் சொல்வது உண்மை என்று தீர்ப்புச் சொல்லாமல், அவருடைய பதில் கண்ணியமாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இருந்தால் அந்தப் பதில் நாடாளுமன்றப் பதிவிலேயே ஏறிவிடும். மூலக் குற்றச்சாட்டும் அழிவதில்லை.

நம் மக்களவையின் விதிகள் குழுவுக்கு அவைத்தலைவரே தலைவர். புதிய விதி சேர்ப்பது கடினமான காரியமில்லை. அவையின் நடுவே வந்து இடையூறு செய்கிறவரைத் தானாகவே இடைநீக்கம் செய்யும் 374ஏ விதியை 2001இல் சேர்த்தார்கள். 353ஆம் விதியில் அவைத்தலைவருக்கும் அமைச்சருக்கும் என்று இருக்கும் இடத்தில், குற்றம் சாட்டப்படும் உறுப்பினருக்கும் என்று ஒரு தொடரைச் சேர்க்கலாம். அவர் கேட்டால் 357ஆம் விதியின்கீழ் அதே அமர்வில் பேச அனுமதி கட்டாயம் என்று இன்னொரு வரியும் சேர்க்கலாம். ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, இதைத் திருத்தமாகக் கொடுக்க முன்வரும் உறுப்பினர் யாராக இருந்தாலும் அவருக்கு நான் கடிதம் எழுதத் தயார். எங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஏற்கெனவே எழுதிவிட்டேன்.